அக்காவின் பெயரில் ஓர் அழைப்பு

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டதற்காக யாரும் சண்டைக்கு வந்ததாகத் திண்டுக்கல் பக்கத்தில் கதையே கிடையாது. விட்டுப்போனால்தான் சண்டை. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே தன் பெயரைக் காணாத சித்தப்பா பந்தியில் உட்கார மாட்டார். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர ஒரு வேன் நிறைய ஆள் போகும். அதனால் ஒரு விசேஷத்துக்குப் போட்ட பெயரை அடுத்த விசேஷத்துக்குக் கேட்காமலே போட்டுவிடுவதுதான் இங்கே மரியாதை.

இந்த மரியாதையைத்தான் அறிவுச்செல்வி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவளும், நாகல் நகரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் பிரிட்டோவும் சேர்ந்து நடத்தும், விசேஷப் பத்திரிகைகளைச் சொந்தக்காரர்களின் இணையப் பக்கங்களில் போட்டுத்தரும் ‘நல்வரவு’ செயலி ஒட்டன்சத்திரத்தையும் தாண்டிப் போய்விட்டது என்று போன வாரம் கடையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாளே, அந்த பிரியாணி இன்னும் சரியாகச் செரிக்கவில்லை. காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தவள் முன்னால் அக்கா சண்முகவள்ளி வந்து நின்றாள். கையில் போன்.

“அறிவு, இதப் பாரு. இத நான் போடல.”

வள்ளியின் இன்ஸ்டா பக்கம் அது. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து படம் போடும் பக்கம். நத்தம் ரோட்டிலிருந்து வத்தலக்குண்டு வரை எத்தனையோ மணப்பெண்கள் அதைப் பார்த்துத்தான் அவளைத் தேடி வருகிறார்கள். நேற்று வரை மயிலும் தாமரையுமாக இருந்த பக்கத்தின் உச்சியில் இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.

எங்கள் இல்லத் திருமண விழா. மணமகன் பிரபு. அதற்கும் கீழே, ‘அனைவரும் வருக, வருக! அன்புடன் அழைக்கும் சண்முகவள்ளி.’

போன வருஷம் வரை அந்தப் பிரபுதான் சண்முகவள்ளியின் புருஷன்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் குடும்பம். வள்ளிக்கு வயிற்றில் வந்தது தங்காமல் போனபோது, “ஆரிச் சட்டத்து முன்னாடியே குனிஞ்சு உக்காந்து கலைச்சுப்போட்டா” என்று மாமியார் நாச்சம்மாள் உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பிரபு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வள்ளி தன்னுடைய ஆரிச் சட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

“கீழ என்ன எழுதிருக்காங்கன்னு படி” என்றாள் வள்ளி.

அறிவு விரலால் தள்ளிப் படித்தாள். ‘எவ்வளவு பெரிய மனசுக்கா உங்களுக்கு!’ ‘இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா?’ கும்பிடும் கைகள், இதயங்கள், கண்ணீர் விடும் முகங்கள். ஒரு பெண், ‘என் ப்ளவுஸுக்கு நீங்கதான் ஆரி போடணும், உங்க நல்ல மனசு எனக்கும் ராசியா இருக்கும்’ என்று எழுதியிருந்தாள்.

“அழிச்சுரு, அக்கா.”

“அழிச்சா? வயித்தெரிச்சல்ல அழிச்சுட்டான்னு பேசுவாங்க. வச்சுருந்தா, நான் தாம்பாளத்த ஏந்திக்கிட்டு வாசல்ல நிக்கிறேன்னு அர்த்தம். எந்தப் பக்கம் போறது நானு?”

அடுப்படியிலிருந்து அம்மா பெருமாயி கரண்டியோடு வந்துவிட்டாள். பெருமாயிக்கு எதையும் மெதுவாகப் பேசத் தெரியாது. அவள் ரகசியம் பேசினால் எதிர்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள்.

“எல்லாம் அந்தப் பய வேல! அவனுக்கு இவ பாஸ்வேர்டெல்லாம் முந்தித் தெரியும்ல? சிரிப்பாச் சிரிக்கட்டும்னு போட்ருக்கான். இம்புட்டுப் பண்ணுனது பத்தலயாமா அவனுக்கு?”

“கத்தாதம்மா. மத்தியானம் எஸ்.பி. ஆபீசுக்குப் போறேன். சைபர் கிரைம்ல அவன் பேர்ல எழுதிக் குடுத்துட்டு வாரேன். போலீசு போயி கேக்கட்டும்.”

அறிவு இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். பத்திரிகையைச் சுற்றியிருந்த பட்டுக்கரை வடிவம் பிரிட்டோ போட்டது. தாலி கட்டும் நேரத்துக்கு மேலே வரும் குத்துவிளக்கு அவளே தேர்ந்தெடுத்தது. பார்த்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தால் போதும்.

“செத்த நேரம் பொறுக்கா. நான் கடையில போயி என்ன ஏதுன்னு பாத்துட்டு வாரேன்.”

“பாரு. ஒனக்குத் தெரியாததா?” வள்ளி தங்கையின் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். “நீ ஒருத்தி இருக்கியேன்னுதான் எனக்குத் தைரியம்.”

அறிவு கை கழுவிக்கொண்டு எழுந்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. திரும்ப வீட்டுக்குள் போய் அக்காவைப் பார்க்கத் துணிவில்லாமல் அப்படியே போய்விட்டாள்.

*

கடையில் ஃப்ளெக்ஸ் இயந்திரம் ஒரு காதுகுத்து விழாவைத் துப்பிக்கொண்டிருந்தது. பிரிட்டோ அறிவின் வெறுங்காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் தன் நாற்காலியை விட்டு எழுந்து கொடுத்தான்.

அவள் தேட வேண்டியதே இல்லை. ஒட்டன்சத்திரம் உடையப்பன், பிரபுவின் அண்ணன், நேற்று சாயங்காலம் தம்பி கல்யாணப் பத்திரிகையை ஏற்றியிருக்கிறார். ‘யார் யார் பக்கத்தில் போட வேண்டும்?’ என்று செயலி கேட்டிருக்கிறது. அவர் ‘எங்கள் குடும்பம்’ என்பதைத் தொட்டிருக்கிறார். பத்திரிகையில் வள்ளியின் பெயரை அவர் எழுதவே இல்லை, பாவம். ஆனால் முன்பு அவர்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது அந்தக் குடும்பத்தின் மருமகளாக வள்ளி கொடுத்த சம்மதம் செயலியிடம் பத்திரமாக இருந்தது. அது உறவுக்காரர்கள் அத்தனை பேர் பக்கத்திலும் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்தந்தப் பக்கத்துக்காரரின் பெயரை எழுதிவிட்டு வந்துவிட்டது.

வள்ளி கொடுத்த சம்மதம் என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அன்றைக்கு வள்ளியின் கையில் ஆரி ஊசி இருந்தது. “அக்கா, ஒன் பக்கத்துல போட அனுமதி கேக்குது” என்று அறிவுதான் போனை நீட்டினாள். “கையில வேல இருக்குடி, நீயே அமுக்கு” என்றாள் வள்ளி. அறிவு அமுக்கினாள். என்ன அனுமதி, எத்தனை நாளைக்கு, எதற்கெல்லாம் என்று அக்கா கேட்கவில்லை. செயலியை எழுதியவளே அமுக்கும்போது யார் கேட்பார்கள்?

இந்த மாதிரி அனுமதிகள் சும்மா விட்டால் சில வாரங்களில் தானாகக் காலாவதி ஆகிவிடும். பக்கத்துக்காரரிடம் மறுபடி கேட்க வேண்டும். ஒவ்வொரு காதுகுத்துக்கும் மாமன் மச்சான்களிடம் ‘திரும்ப அமுக்குங்க’ என்று கெஞ்ச முடியாது என்று, காலாவதி ஆகும் முன்பே யாரையும் தொந்தரவு செய்யாமல் புதுப்பித்துக்கொள்ளும்படி அறிவு எழுதிவைத்தாள். அதற்காகப் பிரிட்டோ அவளை ஊரெல்லாம் புகழ்ந்தான்.

அக்கா கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய மாதங்களில் எல்லாம் அந்தப் புதுப்பித்தல் நடந்திருக்கிறது. இனி எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வள்ளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாதத்திலும் நடந்திருக்கிறது. அப்போது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக் கொடுத்தது இதே அறிவுதான். திரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

“நம்மதாண்ணே” என்றாள்.

பிரிட்டோ குனிந்து திரையைப் பார்த்தான். 

“அந்த உடையப்பன் பாத்துத் தொட்டிருக்கணும்.”

“அவரு என்னண்ணே பண்ணுவாரு? தம்பி விவாகரத்து வாங்கிட்டான்னு நம்ம கம்ப்யூட்டர்ட்ட வந்து சொல்லணும்னு அவருக்குத் தெரியுமா? சம்மதத்த வாபஸ் வாங்க ஒரு பட்டன் வைக்கணும்னு நானே சொல்லிட்டிருந்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டேன்.”

“வீட்ல என்ன நெனக்கிறாங்க?”

“பிரபுதான் பாஸ்வேர்ட் தெரிஞ்சு போட்டுட்டாருன்னு. அக்கா போலீசுக்குப் போறா.”

பிரிட்டோ ஷட்டர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அப்படியே நெனச்சுட்டுப் போகட்டும். புகார் குடுத்தா விசாரிப்பாங்க, கூப்டுவாங்க, ஒண்ணும் கெடைக்காது, விட்டுருவாங்க. அந்தாளு உங்கக்காவுக்குப் பண்ணதுக்கு ஒரு நாள் ஸ்டேஷன்ல உக்காந்தா என்ன கொறஞ்சிரும்? நாமதான்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு பய நம்மள நம்பி அமுக்குவானா?”

சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறிவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. பிரபு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், அன்றைக்கு நின்ற மாதிரியே தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதை அவள் நன்றாகவே கற்பனை செய்து பார்த்தாள். அக்காவின் கை தன் தலையில் அப்படியே இருக்கும். ‘நீ ஒருத்தி இருக்கியே’ என்பதும் அப்படியே இருக்கும்.

பிறகு அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

“என்ன பண்ற?”

“எல்லாச் சம்மதத்தையும் அழிக்கிறேன். ஒண்ணு விடாம. வேணுங்குறவங்க திரும்பக் குடுக்கட்டும். ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனியாக் கேப்போம்.”

“ஏய், வர்ற முகூர்த்தத்துக்கு அம்புட்டுப் பத்திரிகை நிக்குது! எல்லாரும் போன் போட்டு நம்மளக் கிழிப்பாங்க!”

“கிழிக்கட்டும்ண்ணே. என் பேர்ல நான் கிழிபட்டுக்கிறேன்.”

பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டு நின்றானே தவிர, அவள் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. நல்லவன்தான், தொழில் பயம் எல்லோருக்கும் உண்டு. அவள் கிளம்பும்போது தன் ரப்பர் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டான். “தார் ரோடு கொதிக்குது, போட்டுட்டுப் போ.”

*

வழியில் போன் அடித்தது. புது எண். ரவுண்டு ரோட்டில் ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

“அறிவுங்களா? நான் பிரபு பேசறனுங்க.”

‘மாமா’ என்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். “சொல்லுங்க.”

“உங்கக்காவுக்குப் போட்டா எடுக்க மாட்டாங்க. அதானுங்க உங்களுக்குப் போட்டேன். அவங்க பக்கத்துல போட்டிருந்ததப் பாத்தனுங்க.” அவன் தொண்டையைச் செருமினான். “நான் அவங்களுக்குப் பண்ணுனதுக்கு, எங்கூட்டுக் கண்ணாலத்துக்கு அவங்க வாயால வாங்கன்னு கூப்பிடறாங்கன்னா... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. அம்மா விடியறதுல இருந்து அழுதுட்டே இருக்காங்க.”

“இல்லங்க, அது வந்து...”

“அம்மா அன்னைக்குப் பேசுன பேச்சு இருக்குதுங்களே, அதுக்கு அப்பறம் அவங்க ஒரு நாள் சரியாத் தூங்கலைங்க. வெளிய சொல்ல மாட்டாங்க. இப்ப, வள்ளியே மன்னிச்சுப்போட்டா, அவளே கூப்பிட்டதுக்கு அப்பறம் நாம நேர்ல போயி பத்திரிகை வெக்காம இருந்தா மனுச ஜென்மமான்னு சொல்லிப்போட்டு, தட்டு, பழமெல்லாம் எடுத்துட்டு பஸ் ஏறிட்டாங்க. நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னனுங்க.”

“எப்ப ஏறுனாங்க?”

“இந்நேரம் திண்டுக்கல் வந்திருப்பாங்க. அவங்களுக்கு நெஞ்சுக்கு மாத்திரை ஓடுதுங்க. உங்கம்மா ஏதாச்சும் சத்தம் போட்டா, கொஞ்சம் நீங்க பாத்துக்கங்க.”

போனை வைத்த பிறகும் அறிவு அங்கேயே நின்றாள். காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தது, அக்காவுக்கு ஒரு அவமானம் நேர்ந்துவிட்டது என்று. இப்போதுதான் தெரிந்தது, அக்கா செய்யாத ஒரு காரியம் அக்கா பெயரில் நடந்து முடிந்துவிட்டது. அதை நம்பி ஒரு கிழவி பழத்தட்டோடு வந்துகொண்டிருக்கிறாள். பத்திரிகையை அழித்துவிடலாம். இதை எந்தப் பொத்தானை அமுக்கி அழிப்பது?

வண்டியை விரட்டிக்கொண்டு வீடு இருக்கும் ஆர்.எம். காலனிக்குள் திரும்பினாள்.

*

வள்ளி புடவை மாற்றி, தலை வாரி, பையோடு தயாராக இருந்தாள். பெருமாயி மகளோடு போவதற்காகப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். போலீசுக்குப் போக எதற்குப் பட்டு என்று கேட்கிற நேரம் இல்லை அது.

“வந்துட்டியா? சோறும் வெஞ்சனமும் வச்சுருக்கேன், சாப்ட்டு வீட்டப் பாத்துக்க” என்றாள் பெருமாயி.

“போக வேணாம்” என்றாள் அறிவு. “அக்கா, உக்காரு.”

“என்னடி கண்டுபுடிச்ச?”

“பிரபு போடல. அவங்க வீட்ல யாரும் போடல. நாந்தான்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். புதுவீட்டுப் பத்திரிகைக்காகத் தானே அமுக்கியது, அது நிலைத்திருக்கும்படி தானே எழுதியது, கோர்ட் நடந்த காலத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதது, காலையிலேயே தெரிந்தும் மறைத்துவிட்டுப் போனது. பிரிட்டோ சொன்ன யோசனை தனக்குப் பிடித்திருந்ததையும் சொன்னாள். அதை விட்டுவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை.

பெருமாயிக்குப் பாதி புரியவில்லை. “இவ எங்க போட்டா? இவ நேத்துத் தூங்கிட்டுல்ல இருந்தா?”

வள்ளிக்கு எல்லாம் புரிந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தாள். திட்டுவாள், ஒரு அறை கூட விடுவாள் என்று அறிவு எதிர்பார்த்தாள். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இன்னொண்ணும் இருக்குக்கா. ஒன் மாமியார்... பிரபுவோட அம்மா, நீ மன்னிச்சுட்டன்னு நெனச்சு நேர்ல பத்திரிகை வைக்க வந்துட்டிருக்காங்க.”

“யாரு மன்னிச்சது?”

அறிவு தலையைக் குனிந்தாள்.

“நான் மன்னிக்கல அறிவு.” வள்ளியின் குரல் அப்போதும் சாதாரணமாகவே இருந்தது. “தெனம் காலையில எந்திரிச்சு, இன்னைக்கு மன்னிச்சிரலாமான்னு எனக்குள்ளயே கேட்டுப் பாப்பேன். இன்னைக்கு முடியாதுன்னு வரும். சரி, நாளைக்குக் கேப்போம்னு ஊசிய எடுப்பேன். என்னைக்காச்சும் ஒரு நாள் முடியும்னு வந்திருக்கும். அத நானே சொல்லணும்னு வச்சுருந்தேன். அதையும் நீயே அமுக்கிட்டியேடி.”

அறிவு அழுதாள். அக்காவின் கையைப் பிடிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கையைக் கேட்காமல் தொடுவதற்கு அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. கேட்டில் ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டது.

“வள்ளி... கண்ணு... நாந்தாங்கண்ணு வந்திருக்கறேன்.”

ஜன்னல் வழியே தெரிந்தது. நாச்சம்மாள் போன வருஷத்தைவிடப் பாதியாக இளைத்திருந்தார். இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயக்குடிக் கொய்யா, வெற்றிலை, பூ, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. கேட்டைத் திறக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி வைத்தாள். “இருடி, நான் போயி நாலு வார்த்த கேட்டுட்டு...”

“அம்மா, நில்லு.” அறிவு குறுக்கே வந்து நின்றாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். “அக்கா, நான் போயி உண்மையச் சொல்லட்டுமா? அவங்ககிட்ட நான் சொல்றதுக்கு ஒனக்குச் சம்மதமா?”

வள்ளி தங்கையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நாச்சம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல” என்றாள். “என் பேர்ல பேச வேண்டியத நானே பேசிக்கிறேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அறிவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. வள்ளி வாசலைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்தாள்.